யாருக்காக முழங்கால்படியிடுகிறோம்?



உபவாச ஜெபம் முடிந்ததும் விண்ணப்பச் சீட்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போய், ஒவ்வொன்றாக வாசித்து ஜெபிப்பது என் வழக்கம். சொந்த வீடு, மகனுக்கு விசா, மகளுக்கு நல்ல வரன், கடன் தீர, சுகர் குறைய. எல்லாம் நியாயமான தேவைகள்தான். இப்படிக் கேட்பது பாவமா? இல்லவே இல்லை. அன்றன்றைய ஆகாரத்தைக் கேட்கச் சொல்லிக்கொடுத்தவரே நம் ஆண்டவர்தான். அன்னாள் பிள்ளை கேட்டாள், பர்திமேயு பார்வை கேட்டான். இரண்டு பேரும் பெற்றுக்கொண்டார்கள்.

அப்படியானால் குறை எங்கே? மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். ‘எனக்கு’ என்ற வார்த்தை ஒரு தடவைகூட வராது. எல்லாம் ‘எங்கள்’, ‘எங்களுக்கு’தான். அதுவும் பிதாவின் நாமம், ராஜ்யம், சித்தம் என்ற மூன்றும் முடிந்த பிறகுதான் ஆகாரத்தின் பேச்சே வருகிறது.

லூக்கா 12-ல் வருகிற ஐசுவரியவானோ எதற்கெடுத்தாலும் ‘என்’ என்கிறான். என் களஞ்சியம், என் தானியம், என் பொருள். அவன் திருடினதாக வேதம் சொல்லவில்லை. நிலம் நன்றாய் விளைந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த விளைச்சலில் இன்னொருத்தனுக்கு இடமே இல்லை. தேவன் அவனை மதிகேடன் என்றார்.

ஒரு சகோதரனுடைய வீட்டுக்காக எங்கள் சபை இரண்டு வருஷம் ஜெபித்தது. அவர் வாடகை வீட்டில் இருந்தபோது வாரந்தோறும் ஜெபக்கூட்டம் அங்கேதான். பாய் விரித்து நெருக்கியடித்து உட்காருவோம். கர்த்தர் வீட்டைக் கொடுத்தார். பிரதிஷ்டை நடந்தது, சபையில் சாட்சியும் சொன்னார். அடுத்த வாரக் கூட்டத்தைப் பற்றிக் கேட்டபோது, “பாஸ்டர், புது டைல்ஸ், ஜனங்க வந்தா அழுக்காயிடும். வேற வீட்ல வெச்சுக்கலாமே” என்றார். ஜெபத்துக்குப் பதில் வந்தது. ஆனால் அந்தப் பதில் அவர் வாசற்படியைத் தாண்டவில்லை.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் பட்டணத்தில் ஊழியம் செய்த ஜார்ஜ் முல்லரை (1805-1898) நினைத்துப் பாருங்கள். 1836-ல் அநாதைப் பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் தொடங்கினார். மனுஷரிடம் கையேந்தாமல் தேவனிடம் கேட்டே, தம் காலத்தில் 10,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பராமரித்தார். ஊழியத்துக்கு வந்த பணம் ஏறக்குறைய 15 லட்சம் பவுண்டு. தம் சொந்தச் செலவுக்கென்று வந்ததிலிருந்தும் 80,000 பவுண்டுக்கு மேல் கொடுத்துவிட்டார். மரித்தபோது அவருக்கென்று மிஞ்சினது 200 பவுண்டுகூட இல்லை. அவரும் கேட்டவர்தான். நம்மைவிட அதிகமாகவே கேட்டவர். ஆனால் வந்தது எதுவும் அவர் கையில் தங்கவில்லை.

“என் கஷ்டமே எனக்குத் தலைக்கு மேல இருக்கு, இதுல மத்தவங்களுக்காக எங்கே ஜெபிக்கிறது?” என்று நீங்கள் கேட்கலாம். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபு, தன்னைக் குற்றப்படுத்திப் பேசின சிநேகிதருக்காக வேண்டுதல் செய்தான். அவன் நிலைமையைக் கர்த்தர் மாற்றினது அப்போதுதான் (யோபு 42:10). உடனே, “அடுத்தவனுக்காக ஜெபித்தால் எனக்கு இரட்டிப்பாய் வரும்” என்று கணக்குப் போடாதீர்கள். அதுவும் பழைய சுயம்தான், சட்டையை மாற்றிக்கொண்டு வருகிறது!

இன்று இராத்திரி முழங்கால்படியிடும்போது ஒன்று செய்யுங்கள். உங்கள் ரேஷன் கார்டில் இல்லாத பெயர்கள் எத்தனை உங்கள் ஜெபத்தில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். குழாயடியில் சண்டை போட்ட பக்கத்து வீட்டு அம்மா இருக்கிறாரா? ஆஸ்பத்திரியில் பார்க்க ஆளில்லாமல் கிடக்கிற அந்தப் பெரியவர் இருக்கிறாரா? பிறகு, கர்த்தர் ஏற்கெனவே தந்த வீட்டின் கதவை யாருக்குத் திறக்கலாம் என்று அவரிடமே கேளுங்கள்.

கெத்செமனேயில் நம் ஆண்டவரும் தமக்காகக் கேட்டார். ஆனாலும் பிதாவின் சித்தத்துக்கு ஒப்புக்கொடுத்து எழுந்தார். அவர் எழுந்துபோனது நமக்காக. அந்த ஜெப ஆவியை ஆவியானவர்தாமே நம் ஒவ்வொருவருக்கும் தந்தருள்வாராக. ஆமென், அல்லேலூயா!