வேரில் வந்த விருந்து

துவரம் பருப்பு வேகும் மணம் எழாத நாள் நம் இல்லங்களில் அரிது. நாம் சாம்பாருக்கு இடும் அப்பருப்பைத்தான் அண்டை வீட்டுத் தெலுங்கர் கந்திப்பப்பு என்கின்றனர். ஐதராபாத்தில் ஒரே மாடியில் வாழும் இரு குடும்பங்களின் அடுக்களைகளையும் இணைக்கும் அப்பயிரின் வேரடியில் நிகழ்வதை அறிந்தபோது, விருந்தோம்பல் பற்றி நாம் கொண்டிருந்த எண்ணம் சற்றே அசைந்தது.

நகருக்கு அருகே பட்டான்செருவில், 1972ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற இக்ரிசாட் என்னும் பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. துவரையின் வாடல் நோய் அங்கு நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருகிறது. நோய்க்குக் காரணம் பியூசேரியம் உடம் என்ற பூசணம். மண்ணில் காத்திருக்கும் அது, வேர் வழியே நுழைந்து, நீரேறும் குழாய்களில் குடிபுகுந்து அவற்றை அடைத்துவிடுகிறது. நிலத்தில் ஈரமிருக்கச் செடி தாகத்தால் மடிகிறது! தண்டைப் பிளந்தால் உள்ளே கரிய கோடு. செடி மாண்ட பின்னும் கட்டைகளில் பூசணம் ஆண்டுக்கணக்கில் உயிரோடு தங்கும். நம் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்திலும், பேராசிரியர் டி. எஸ். சதாசிவனின் தலைமையில், பருத்தியைத் தாக்கும் இதன் உறவினத்தைப் பற்றிய ஆய்வுகள் 1950களில் நடந்தன என்பதை இங்கு நினைவுகூர்வது தகும்.

அதே துவரையின் வேரில் மற்றொரு பூசணமும் வாழ்கிறது. வேளாண் துறையினர் அதனை வேர் உட்பூசணம் என்பர். வேர் எட்டாத இடுக்குகளிலும் தன் நுண்ணிழைகளைச் செலுத்தி, மணிச்சத்தைத் திரட்டிக் கொணர்ந்து செடிக்கு ஊட்டுகிறது. அதற்கு ஈடாகச் செடி, தான் இலையில் சமைத்த உணவில் நூற்றுக்கு 20 பங்கு வரையிலும் கொடுப்பதுண்டு. செடிகள் கரையேறிய காலந்தொட்டு, ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளாக நடைபெறும் கொடுக்கல் வாங்கல் இது.

ஒருவன் பகைவன், ஒருவன் நண்பன் என்று இத்தோடு முடித்துவிடலாம் என்றே முதலில் எண்ணினோம். அவ்வாறு முடியவில்லை. மணிச்சத்து ஏராளமாய் உள்ள நிலத்தில் செடி தானே அதனைப் பெற்றுக்கொள்ளும். அப்போது அதே உட்பூசணம் உண்பது மட்டும் செய்யும் விருந்தாளியாகிவிடலாம். 1980களில் அமெரிக்காவின் கென்டக்கியில் புகையிலைச் செடிகள் குன்றியதற்கு இவ்வகைப் பூசணமொன்றே காரணமெனக் கண்டனர். மறுபுறம், பியூசேரியக் குடும்பத்திலேயே யாதொரு தீங்கும் செய்யாது வேரில் தங்கியிருப்பனவும் உள. எனின், நன்மை என்பது விருந்தினரின் இயல்பா, அன்றி அவர் வந்து தங்கிய நிலத்தின் நிலைமையா?

பூசணத்திற்கு மனமில்லை, அதனை நல்லது கெட்டது என்பது நம் சொற்களின் பிழையே. மனிதரைப் பூசணத்தோடு ஒப்பிடுவதும் நமக்கு உவப்பன்று. ஆயினும் பிழைப்புத் தேடி வந்த நமக்கு இக்கேள்வி புதிதன்று. 1952இல் இந்நகரில் முல்கிக் கிளர்ச்சி எழுந்தபோது, வெளியூரார் எவருக்கு என்ன பயன் என்று தெருவில் கேட்கப்பட்டது. 1969இலும் அக்குரல் ஒலித்தது. நம்முள் பலர் அக்கேள்விக்கு விடையாக, நாம் கட்டிய பள்ளிகளையும் செய்த பணிகளையும் எண்ணிக் காட்டுவதுண்டு. அவ்விடையில் ஓர் இடர் உளது. பயனையே உரிமைக்கு அடிப்படையாக்கினால், பயன் குன்றும் நாளில் உரிமையும் குன்றவேண்டும். ஓய்வுபெற்ற முதியவரையும் நோயுற்ற தாயையும் அக்கணக்கில் எங்கே எழுதுவது? செடிக்கு அக்கணக்கு பொருந்தலாம். மனிதருக்குப் பொருந்தாது என்பதே நம் துணிபு. அதற்காக, முன்னொரு நாள் உதவியதைச் சொல்லியே என்றென்றும் உண்ணலாம் என்பதும் ஆகாது. மண் மாறியதா என்று பார்த்துக்கொள்ளும் கடமை விருந்தினருக்கும் உண்டன்றோ?

இக்ரிசாட்டார் நோயைத் தாங்கும் துவரையையும் தேர்ந்தெடுத்தனர். அவற்றுள் ஒன்று ‘மாருதி’ என்ற பெயரில் 1980களில் கருநாடகத்திற்குச் சென்றது. ஆனால் நம் உள்ளத்தைக் கவர்ந்தது வேறொன்று. தக்காண உழவர் துவரையைத் தனியே விதையாமல், சோளத்தோடு வரிசை கலந்து விதைப்பது பழைய வழக்கம். அவ்வாறு கலந்து விதைத்த வயலில் வாடல் நோய் குறைந்திருப்பதைப் பட்டான்செரு ஆய்வாளர்கள் கண்டு, 1985இல் வெளியிட்டனர். பூசணம் மண்ணில் இருக்கவே செய்கிறது. அறுவடைக்குத் துவரையும் நிற்கிறது.