துப்பாக்கியும் தறியும்

கனடாவில் இருக்கும் நண்பர் ஒருவர் பழைய லீ-என்பீல்டு துப்பாக்கி ஒன்று வாங்கியிருக்கிறார். இச்சாப்பூர்த் தொழிற்சாலையில் செய்தது. உடலில் ஓர் எண், போல்ட்டில் வேறோர் எண். கட்டையோ மூன்றாவது துப்பாக்கியுடையது. "இதைப் புதுப்பிப்பது வீண் வேலையா?" என்று எழுதிக் கேட்டார்.

எங்கள் சோமனூர்த் தறிக்காரரிடம் கேட்டால் சிரிப்பார். அவருடைய தறியில் சட்டம் ஒன்றுடையது. சக்கரம், பழைய இரும்புக்குப் போன இன்னொன்றுடையது. "ஓடுதுங்களா? அப்பறம் என்னங்க?" என்பார். தறிக்கு அந்தக் கேள்வி போதும். துணி நெய்கிறதே!

துப்பாக்கிக்கு அது போதாது. ஓடினால் அது செய்கிற வேலை என்ன? அதோடு, மாறிய போல்ட்டை அளவு பார்க்காமல் சுட்டால் சுடுகிறவனுக்கே ஆபத்து. உத்தரப் பிரதேசப் போலீசார்கூட 2020-இல் இந்த ரகத்துக்கு விடைகொடுத்துவிட்டார்கள். இனி அதற்கு மிஞ்சியிருப்பது சாட்சி சொல்லும் வேலைதான்.

உறுப்புகள் கலந்திருப்பது குறையல்ல. பட்டாளத்துப் பட்டறையில் ஒன்றின் உறுப்பைக் கழற்றி, அளவு பார்த்து, இன்னொன்றில் பூட்டுவது வழக்கம். அந்தக் கலப்பே அதன் சரித்திரம்.

"துருவைத் துடையுங்கள், எண்ணெய் போடுங்கள். எண்களை மட்டும் அராவி ஒன்றாக்கிவிடாதீர்கள்" என்று பதில் எழுதினேன். சாட்சியைக் குளிப்பாட்டிக் கூட்டி வரலாம். சொல்லிக்கொடுத்துக் கூட்டி வரக் கூடாது.