பிள்ளை தனக்குள் பேசும் சொல்

'எனக்குப் படிப்பு வராது' என்று ஒரு பிள்ளை தனக்குத்தானே சொல்லிக்கொள்ளுமாயின், அச்சொல்லைக் கற்பித்தவர் யாவர்? பெரும்பாலும் நாமே.

சூளபந்தகர் நான்கு திங்களாகியும் ஒரு பாட்டை மனனஞ் செய்யமாட்டாமையால், தமையனாராலேயே விகாரையினின்று நீக்கப்பட்டார். பகவன் அவரைப் பேரறிஞரென்று புகழ்ந்தாரில்லை, அது பொய்யாகும். தூய துகிலொன்றை ஈந்து, 'அழுக்கு நீக்கம்' எனப் பொருள்படும் சிறு சொல்லை ஓதியவாறே தேய்க்கப் பணித்தார். சொல்லோடு அவர் கையால் இயலும் செயலும் சேர்ந்தது. துகில் மாசுறக் கண்டு நிலையாமையை உணர்ந்தார், அரகந்தருமானார்.

ஆதலின் பிள்ளைகளுக்குப் பொய்ப்புகழும் வேண்டா, பழிச்சொல்லும் வேண்டா. 'இன்று வரவில்லை, நாளையும் முயல்வேன்' என்னும் மெய்ச்சொல்லை, உறங்குமுன் அவர்களோடு நாமும் சொல்லிப் பழகுவோம். பிறப்பிலேயே அறிவிலர் என்று பிறர் சொல்லக் கேட்டு, நாமும் அதையே முணுமுணுத்து வளர்ந்தோமன்றோ? அச்சொல் நம்மோடு ஒழிக!