மாத்திரை போட்டாச்சா?

புனேயின் வாகட் பகுதியில், எங்கள் குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. பிள்ளைகளுக்குப் பக்கத்து ஹிஞ்சவடியில் வேலை. பக்கவாதம் வந்த அப்பாவையோ அம்மாவையோ ஊரில் தனியே விட மனசில்லாமல் அழைத்து வந்துவிடுகிறார்கள். அதன்பிறகு அந்த வீடுகளில் ஓயாமல் கேட்கும் கேள்வி, "மாத்திரை போட்டாச்சாப்பா?"

கேட்கத்தான் வேண்டும். ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வரும் ஆபத்து அதிகம், முதல் சில வாரங்களில் மிக அதிகம். ரத்தக்குழாய் அடைப்பால் வந்ததென்றால் ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், கூடவே பிரஷர் மாத்திரை. "நார்மலாத்தானே இருக்கு" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். நார்மலாக இருப்பதே அந்த மாத்திரையால்தான்.

லூதியானா சி.எம்.சி. மருத்துவமனை ஒருங்கிணைத்த 'ஸ்பிரின்ட் இந்தியா' ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. 31 மருத்துவமனைகள், பக்கவாதம் வந்த 4,298 நோயாளிகள். பாதிப் பேருக்கு அவரவர் மொழியில் குறுஞ்செய்தி, வீடியோ, கையேடு என்று ஓராண்டு அனுப்பினார்கள். அவர்களில் புகையையும் குடியையும் விட்டவர்கள் கூடினார்கள், மாத்திரையை ஒழுங்காகப் போட்டவர்களும் கூடினார்கள். ஆனால் அந்த ஓராண்டில் மறுபடி வந்த பக்கவாதமும் மாரடைப்பும் மரணமும் மற்ற பாதியைவிடக் குறையவில்லை. ஓராண்டு குறுகிய காலம்தான். இருந்தாலும் அந்த முடிவு என்னை விடவில்லை. நினைவூட்டல் ஓர் எல்லைவரைதான் போகும் என்றால், மிச்சத்தை எது செய்யும்?

ஒரு வீட்டில் பார்த்தேன். மருமகள் பெரியவரின் கையில் பட்டையைச் சுற்றி, பிரஷர் எண்ணைப் பார்த்து, ஆபீசில் இருந்த கணவருக்குப் போனில் ஆங்கிலத்தில் சொன்னாள். அக்கறையில் குறையே இல்லை. ஆனால் கை யாருடையதோ அவருக்கு அந்த எண் தெரியாது. ஊரில் நாலு பேருக்கு யோசனை சொன்னவர் அவர். இங்கே மராத்தி தெரியாது, மெடிக்கல் ஷாப்புக்குக்கூட மகன்தான் போகவேண்டும். உப்பு ஆகாதென்று ஊறுகாய் ஜாடியும் எட்டாத அலமாரிக்குப் போய்விட்டது.

இன்னொரு வீட்டில் ஓர் அம்மா. சாய்ந்து உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு உயரத்துக்கு மேசைமேல் வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருந்துவிட்டுத் தானே பொத்தானை அழுத்துவார். எண்ணை நோட்டில் எழுதுவார். ஒருநாள் 150ஐத் தாண்டியதும் அவரே சொன்னார்: "நேத்து நாலு அப்பளம் தின்னேன்ல, அதான்." யாரும் அதட்டவில்லை. அடுத்த வாரம் அப்பளம் ஒன்றானது.

பக்கவாதம் பறித்துக்கொண்டது ஒரு கையின் பலத்தை. மிச்சமிருக்கும் பொறுப்பையும் அன்பின் பேரால் நாம் பறித்துக்கொள்கிறோம். அதைத் திருப்பிக் கொடுப்பதும் வைத்தியத்தில் சேர்த்தி. பேச்சு போனவரிடமும் எண்ணை அவர் முகம் பார்த்துச் சொல்லலாம்.

மறுபடி வாய் கோணினால், கை துவண்டால், நாக்குக் குழறினால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு இருப்பது நாலரை மணி நேரம். பக்கவாதம் தொடங்குவது பெரும்பாலும் முதலில் அவருக்குத்தான் தெரியும். அப்பளத்துக்குத் திட்டு வாங்கிப் பழகியவர், கை மரத்துப்போனதையும் நம்மிடம் மறைத்துவிடுவார்.