பக்கத்துக் கை

துணிவு தனிமனிதனின் சொத்து என்று நம்பியே எழுதிக்கொண்டிருக்கிறோம். எனக்கு இப்போது சந்தேகம்.

2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் அருகே ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டும் பெண்கள் 150 பேருக்கு மேல் விடுதிச் சாப்பாட்டினால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். சிலர் இறந்துவிட்டதாகச் செய்தி பரவியது. அது பொய். கெட்ட சாப்பாடு மெய். வரிசையில் நின்றே பழகியவர்கள் இரவில் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஒருத்தியை உட்காரவைத்தது, பக்கத்தில் இன்னொருத்தி உட்கார்ந்ததுதான் என்று நினைக்கிறேன். அதுவரை அவளைப் பேசாதிருக்கச் செய்ததும் அதே பக்கத்துக்காரிதான்.

1950களில் சாலமன் ஆஷ் நடத்திய சோதனைகளில், கூட்டம் ஒருமுகமாகத் தவறு சொன்னபோது பலர் கண்ணெதிரே இருந்த கோட்டின் நீளத்தையே மாற்றிச் சொன்னார்கள். ஒரே ஒருவர் சரியாகச் சொன்னதும் இந்தப் பணிவு வெகுவாகக் குறைந்தது.

நான் வேலை பார்த்த ஒரு கிளையில், சக ஊழியர் ஒருவர் மீது புகார்க் கடிதம் மேஜை மேஜையாக வந்தது. பொய்யென்று தெரியும். மேலே பதினோரு கையெழுத்துகள். பன்னிரண்டாவது என்னுடையது. கோழை என்று பிற்பாடு என்னையே திட்டிக்கொண்டேன். அதுவும் ஒரு சௌகரியம். பதின்மூன்றாமவர் பேனாவைத் திறக்குமுன் என் கையெழுத்தைத்தான் பார்த்தார்.