உரைகல்லுக்கு எட்டாதது

காஞ்சிபுரத்தில் பட்டு வாங்கப் போகிறவர் ஜரிகையைச் சுரண்டிப் பார்ப்பது வழக்கம். வெள்ளிக்குள்ளே சிவந்த பட்டு இழை தெரிந்தால் மனம் நிம்மதி அடைகிறது. உண்மையை அறிய மனிதனுக்கு ஏதாவது ஓர் உரைகல் வேண்டியிருக்கிறது.

அவ்வூரில் எனக்குத் தெரிந்த அன்பர் ஒருவர் பழைய ராணுவ எஃகுத் தொப்பிகளைச் சேகரிக்கிறார். அவருடைய உரைகல் ஒரு சிறு காந்தம். முதல் உலக மகாயுத்தத்தின்போது, 1915-ல், பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்த பிராடி தொப்பி தொடக்கத்தில் சாதாரண மென்னெஃகால் ஆனது. விரைவிலேயே ஹாட்ஃபீல்டு கண்ட மாங்கனீஸ் எஃகுக்கு மாறினார்கள். அதில் காந்தம் ஒட்டாது. இரண்டாம் யுத்தத்துத் தொப்பியும் அதே எஃகுதான் என்பதால், அன்பர் உச்சியையும் பார்க்கிறார். உள்ளுறையைத் தறையாணி பிடித்திருந்தால் பழையது. திருகாணி என்றால் பிந்தியது.

ஆனால் கைதேர்ந்த மோசடிக்காரன் இரும்பில் பொய் செய்வதில்லை. அசல் தொப்பி ஒன்றை வாங்கி, அதில் குண்டு பாய்ந்தது போல் ஒரு துளை போடுகிறான். விலை ஏறிவிடுகிறது! பட்டும் அசல், ஜரிகையும் அசல். 'எங்கள் பாட்டியின் கூறைப்புடவை' என்ற பேச்சு மட்டும் பொய் என்பதைப் போலத்தான் இதுவும்.

இதில் ஏமாந்தவர் வாங்கியவர் மட்டும்தானா? அந்தத் தொப்பியை அணிந்தவன் உயிரோடு வீடு திரும்பியிருக்கலாம். அவனை இந்தத் துளை கொன்றுவிடுகிறது.

மற்றொரு பொய்யும் உண்டு. 1915 மார்ச்சில் பிரான்சின் நியூவ் ஷபேல் போரில் நம் சிப்பாய்கள் தலைப்பாகையோடும் துணித்தொப்பியோடும்தான் போரிட்டார்கள். வெள்ளைச் சிப்பாய்க்கும் அன்று எஃகுத் தொப்பி இல்லை. அவ்வாண்டு இறுதியிலேயே இந்தியக் காலாட்படை அந்நாட்டை விட்டு அகன்றது. 'அந்தப் போரில் இந்தியச் சிப்பாய் அணிந்தது' என்று ஒரு தொப்பியைக் காட்டினால், அவர்கள் காப்பில்லாத தலையோடு குண்டுகளின் முன் நின்ற உண்மை மறைந்துபோகிறது.

அன்பர் தம் தொப்பி ஒன்றின் கீழே, 'அணிந்தவர் தெரியவில்லை' என்று எழுதி வைத்திருக்கிறார். காந்தம் சொன்னதை அவர் ஏற்றுக்கொள்கிறார். அது சொல்லாததைத் தாமாகச் சேர்ப்பதில்லை. பெயர் தெரியாத மனிதனுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, அவனுக்கு ஒரு கதையைக் கட்டிவிடாமல் இருப்பதே என்று எனக்குத் தோன்றுகிறது.