கேள்வி ஞானமும் நேர்மையும்

1515ல் ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரத்தில் ஆல்ப்ரெக்ட் ட்யூரர் ஒரு காண்டாமிருகத்தை வரைந்து மரச்செதுக்கு அச்சாக வெளியிட்டார். மிருகம் நம் நாட்டுடையது. குஜராத் சுல்தானிடமிருந்து போர்ச்சுக்கீசியர் கைக்குப் போய், கோவாவில் கப்பலேறி, அந்த வருஷம் மே மாதம் லிஸ்பனில் இறங்கியது. ட்யூரர் அதைப் பார்க்கவில்லை. லிஸ்பனிலிருந்து வந்த கடிதச் செய்தியும் ஒரு கோட்டுச் சித்திரமும்தான் அவருக்குக் கிடைத்தவை. படத்தில் மிருகத்துக்குத் தகடு தகடாகக் கவசம். முதுகின் மேல், உண்மையில் இல்லாத ஒரு சின்னக் கொம்பு. மேலே அச்சிட்ட வாசகம் மிருகத்தின் உருவம் இதுதான் என்று உறுதியாகச் சொல்கிறது. தான் பார்க்கவில்லை என்பதற்கு அதில் ஒரு சொல் கிடையாது. இருநூறு வருஷங்களுக்கு மேல் ஐரோப்பா அந்தக் கொம்பை நம்பியது.

மறுமலர்ச்சி இத்தாலியிலிருந்து வடக்கே போனதும் பெரும்பாலும் இப்படித்தான். ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி நேரில் போய்க் கண்டவர்கள் சிலர். ட்யூரரே 1505லிருந்து 1507 வரை வெனிஸில் இருந்தவர். மற்றவர்களுக்கு வந்தவை அச்சுப் படமும், புத்தகமும், யாத்திரை போய் வந்தவன் சொன்ன சேதியும். கேள்வி ஞானத்தின் மேல் ஏறி ஒரு கலை நகர்ந்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வேறு விதத்தில் அது அவ்வளவு தூரம் போயிருக்க முடியாது.

நம்முடைய நவீனத்துவமும் அப்படி வந்து சேர்ந்ததுதான். 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா 'எழுத்து'வைத் தொடங்கினார். அந்தத் தலைமுறைக்கு மேற்கின் கவிதையும் விமர்சனமும் ஆங்கில அச்சின் மூலமாகவே தெரியும். க.நா.சு. ஸெல்மா லாகர்லெவை 'மதகுரு'விலும், நட் ஹாம்சனை 'நிலவள'த்திலும், பேர் லாகர்க்விஸ்ட்டை 'அன்பு வழி'யிலும் நமக்குத் தந்தார். மூலம் ஸ்வீடிஷ், நார்வீஜியன். அவர் கைக்கு வந்தது ஆங்கிலம். நம் கைக்கு வந்தது தமிழ். ஆக, மூன்றாம் கை. இதை வைத்து நம்மை இரவல்காரர்கள் என்று சொன்னவர்கள் உண்டு. 1971ல் கோவையில் 'வானம்பாடி' வந்த பிறகு இந்த வழக்கு இன்னும் சூடாயிற்று. வழக்குத் தொடுத்தவர்கள் படித்த நெரூதா மட்டும் ஸ்பானிஷிலிருந்து நேரே வந்துவிடவில்லை.

இரவல் என்பது குற்றச்சாட்டே அல்ல. காங்கேயத்தில் உட்கார்ந்து 'நிலவளம்' படிக்கிறவனுக்கு ஐசக்கின் நிலம் கொறங்காடாகத்தான் தெரியும். கிளுவை வேலி, வெள்வேல மரம், மழைக்குக் காத்திருக்கும் கொழுக்கட்டைப் புல். ஐசக்கைச் சோதிப்பது குளிர்காலம். இங்கே சோதிப்பது கோடை. இது பிழையான வாசிப்பா? கொஞ்சம் பிழைதான். நூரம்பெர்க் கவசம் செய்யும் கொல்லர்கள் நிறைந்த ஊர். ட்யூரர் தடித்த தோலைக் கவசமாகப் பார்த்தார். தெரிந்ததைக் கொண்டுதான் தெரியாததைப் பார்க்க முடியும். இந்தப் பிழைக்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

வெட்கப்பட வேண்டியது வேறொன்றுக்கு. ப்ரூகலின் 'பனியில் வேடர்கள்' பற்றி நான் ஒரு கட்டுரை எழுதினேன். 1565ல் வரைந்தது, வியன்னாவில் இருக்கிறது, ஒன்றரை மீட்டருக்கு மேல் அகலம். நான் அதைப் பார்த்தது கைபேசியில், உள்ளங்கை அகலத்தில். பனியை நான் தொட்டதுகூடக் கிடையாது. ஆனால் உறைந்த குளத்தின் பச்சைச் சாயலையும் தூரிகையின் வேகத்தையும், படத்தின் முன் ஒரு மணி நேரம் நின்றவன் மாதிரி எழுதிவிட்டேன். நண்பர்கள் பாராட்டினார்கள். எங்கே பார்த்தாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நம் வட்டத்தில் அதைக் கேட்பது வழக்கமில்லை. கேட்டால் அடுத்த கேள்வி கேட்டவரை நோக்கி வரும்.

ட்யூரரின் அச்சுக்கு அடுத்த வருஷம், 1516ல், எராஸ்மஸ் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தை பாஸெல் நகரில் பதிப்பித்தார். வெளிப்படுத்தலுக்கு அவரிடம் இருந்தது ஒரே ஒரு கிரேக்கப் பிரதி. அதில் கடைசி ஏடு இல்லை. அந்தச் சில வசனங்களை லத்தீனிலிருந்து கிரேக்கத்துக்குத் தாமே திருப்பி எழுதிச் சேர்த்தார். பிழைகள் நேர்ந்தன. ஆனால் லத்தீனிலிருந்து சேர்த்ததைத் தம் குறிப்புரையில் சொன்னார். இருவருக்கும் மூலம் கிடைக்கவில்லை. இருவரும் ஊகித்து நிரப்பினார்கள். எராஸ்மஸின் வாசகனுக்கு எந்த இடத்தில் சந்தேகப்பட வேண்டும் என்று தெரியும். ட்யூரரின் வாசகனுக்குத் தெரியாது. பின்னால் வந்தவர்கள் மிருகத்தைத் தேடிப் போகாமல் படத்தையே பார்த்துப் படம் போட்டார்கள். அந்த மிருகமும் அதே 1516ல், போப்புக்குப் பரிசாகப் போகும் வழியில், இத்தாலியக் கடலில் மூழ்கிப் போனது.

அப்படியானால் ஒவ்வொரு வரியிலும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பதா என்று கேட்கலாம். வேண்டாம். ப்ரூகல் இத்தாலி போய்த் திரும்பியவர் என்பதும், வழியில் கண்ட மலைகளை ஃப்ளாண்டர்ஸ் கிராமத்தின் பின்னால் நிறுத்தினார் என்பதும் சின்னப் படத்திலும் தெரிபவை. அவற்றைப் பேச எனக்கு உரிமை உண்டு. நிறமும் அளவும் தூரிகையும் கண்ணால் கண்டவனுடையவை. அந்த எல்லையை வாசகனுக்குக் காட்டுவதுதான் விமர்சகனிடம் எதிர்பார்க்கக்கூடிய குறைந்தபட்ச நேர்மை. காட்டாதபோது அவன் வாசகனிடமிருந்து எடுத்துக்கொள்வது ஒரு தகவலை அல்ல. போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசையை.

அந்தக் கட்டுரை என்றாவது தொகுப்பில் சேருமானால் நிறத்தைப் பற்றிய பத்தியை எடுத்துவிடுவேன். அந்த இடத்தில், படத்தை நான் நேரில் பார்த்ததில்லை என்ற ஒரு வரி இருக்கும்.